பர்ட்டன் சாப்பர் 120: பார்க்கில் ஏறத் துடிக்கும் பிள்ளைக்கு ஏற்ற முதல் பலகை

எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்து, ஸ்னோபோர்ட் புதிதாகப் பழகப் போகிறது, அதிலும் சரிவில் இறங்குவதோடு நிற்காமல் மேலேறிச் சறுக்கும் பொக்ஸ், பறக்கும் ஜம்ப் என்று வித்தைக்கென ஒதுக்கிய பார்க் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றால், பர்ட்டன் சாப்பரைத் தயங்காமல் வாங்கலாம். முதல் சீசன் முழுக்கத் தாங்கும். இரண்டாவது சீசனிலும் பெரும்பகுதி தாங்கும். அதற்கு அப்புறம் மாற்ற வேண்டி வரும். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஸ்னோபோர்ட் ஓட்டுகிறேன். என் அக்காவின் மகள், எனக்கு மருமகள், ஒன்பது வயதில் இந்தப் பலகையில் ஏறினாள். இப்போது பதினொன்று நடக்கிறது. அவள் விழுந்ததையும் எழுந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடைப் பட்டியலில் போட்டிருக்கும் விவரங்கள் எல்லோருக்கும் கிடைக்கும். ஒரு பிள்ளையின் காலுக்குக் கீழே பலகை எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கிடைக்காது.

வாடகைப் பலகையில்தான் தொடங்கினோம். எந்த இடம் என்பது வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கான விறைத்த பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். விளிம்பில் துரு, அடிப்பக்கம் மெழுகு காணாமல் வெளிறிப்போய் இருந்தது. அவளுடைய எடைக்கு அது வளையவே இல்லை. பின்னேரம் காரில் வரும்போது, "மாமா, எனக்கு இது வராது போல" என்றாள். வராமல் இருந்தது பலகைக்குத்தான். அடுத்த கிழமையே சாப்பர் தேட ஆரம்பித்தேன்.

இந்தப் பலகையில் என்ன விசேஷம்? தரையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பூட்ஸைப் பலகையோடு பூட்டும் இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில் தட்டையாகப் படிந்து கிடக்கும், நுனிகள் மட்டும் மேலே வளையும். பெரியவர்கள் ஓட்டும் கேம்பர் பலகை அப்படி இல்லை. அதன் நடுப்பகுதி வில்லாக எழும்பி நிற்கும், ஆள் ஏறி நின்றால்தான் கீழே படியும். துள்ளலும் பிடியும் அந்த வில்லில்தான் இருக்கின்றன. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தப் பிடிதான் வினை. அடுத்தது விளிம்பு. சாப்பரின் இரும்பு விளிம்புகளைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தே தீட்டியிருக்கிறார்கள். பிள்ளை தடுமாறிப் பலகையைத் தட்டையாக விட்டாலும், சரிவுப் பக்க விளிம்பு உடனே பனியில் மாட்டாது.

அந்த மாட்டல் என்னவென்று ஸ்னோபோர்ட் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். கீழ்ப்பக்க விளிம்பு திடீரென்று பனியைக் கவ்வும். அடுத்த கணம் நிலத்தில் கிடப்பீர்கள். குதிக்கால் பக்கம் மாட்டினால் மல்லாக்க, விரல் பக்கம் மாட்டினால் முகங்குப்புற. விழுவதற்கு முன் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. பிள்ளைகள் இந்த விளையாட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போவதற்குக் குளிரைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். சாப்பரில் இது அறவே நடக்காது என்று சொல்லவில்லை. நடக்க வேண்டிய பல இடங்களில் நடக்கவில்லை, அவ்வளவுதான். பயம் பிடிப்பதற்கு முன் பழக்கம் பிடித்துவிட்டது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய வீடுகளில் இங்கேதான் பிசகுகிறது. வளர்கிற பிள்ளை என்று பள்ளிக்கூடச் சட்டையை ஒரு சைஸ் கூட்டி எடுப்பது போலப் பலகையையும் பூட்ஸையும் எடுக்கக் கூடாது. பலகையை நிறுத்தி வைத்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும் என்பது பழைய கணக்கு. அதைவிட முக்கியம் எடை. ஒவ்வோர் அளவுக்கும் எடை வரம்பு போட்டிருக்கிறார்கள், அதற்குள் பிள்ளை இருக்க வேண்டும். பார்க்குக்காக எடுப்பதென்றால் நாடிப் பக்கமே நல்லது. குட்டையான பலகை காற்றில் சுலபமாகத் திரும்பும். என் மருமகளுக்கு 120, அதாவது 120 சென்ரிமீற்றர் நீளமுள்ளதை, எடுத்தபோது அது நாடிக்குச் சற்றுக் கீழே நின்றது. "இது அடுத்த வருசம் காணாதே தம்பி" என்று அக்கா சொன்னாள். ஆனால் அடுத்த வருடத்துக்கான பலகையில் இந்த வருடம் எப்படிப் பழகுவது?

பூட்ஸ் இன்னும் கடுமையான விசயம். பூட்ஸுக்குள் குதிக்கால் எழும்பினால் பலகைக்குக் கட்டளை போகாது. பிள்ளை முழங்காலை மடக்கி முன்னுக்குச் சாய்ந்ததும் குதிக்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காலுறை ஒன்று போதும், கம்பளியில். குளிருமே என்று இரண்டு போட்டுவிட்டால் கால் இறுகி இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். பூட்ஸில் போவா எனும் திருகுக் குமிழ் இருப்பதாக எடுங்கள். கயிறு இழுத்துக் கட்டும் வேலை இல்லை, பிள்ளை தானே இறுக்கிக்கொள்ளும். கையுறையைக் கழற்றாமல் பைண்டிங் பட்டியையும் தானே பூட்டப் பழகிவிட்டால், மலையில் அரைவாசி நேரம் உங்களுக்கு மிச்சம்.

பலகையைப் புதிதாக எடுக்கவில்லை. ஒன்ராறியோவில் இலையுதிர் காலம் வந்தால் ஊருக்கு ஊர் ஸ்கை ஸ்வாப் எனும் பழைய சாமான் சந்தை நடக்கும். ஒரு பிள்ளைக்குச் சிறிதாகிவிட்டதை இன்னொரு பிள்ளை வாங்கிக்கொள்ளும். பிள்ளைகளின் பலகை அப்படிக் கைமாறுவதுதான் சரி. அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான கீறல் பரவாயில்லை, உள்ளேயிருக்கும் மரம் தெரியும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் வேண்டாம். இரும்பு விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா, ஓரத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று நகத்தால் ஓட்டிப் பாருங்கள். ஹெல்மெட் மட்டும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். ஏற்கனவே அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம். ஏஎஸ்டிஎம் எஃப்2040 அல்லது ஈஎன் 1077 என்ற தர முத்திரை உள்ளே ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து எடுங்கள்.

எங்கள் வீட்டில் பெரிய எதிர்ப்பு அவளுடைய அம்மம்மாவிடமிருந்து வந்தது. "பிள்ளையின்ர கையைக் காலை உடைச்சுப் போடாதை" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லித்தான் அனுப்புவார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஸ்னோபோர்ட் பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டுத்தான். விழும்போது கை தானாகப் பின்னால் ஊன்றிவிடும். அதனால் மணிக்கட்டுக் காப்பு போட்டுத்தான் மலைக்குக் கூட்டிப்போனேன். முதல் நாளிலேயே விழப் பழக்கினேன். கையை முட்டியாகப் பொத்து, முன்னுக்கு விழுந்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒன்றாக நிலத்தில் படட்டும், பின்னுக்கு விழுந்தால் நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு குந்தி உருண்டுவிடு. அக்காவின் வீட்டு முற்றத்துப் பனியிலேயே இதையெல்லாம் அம்மம்மா பார்க்கச் செய்து காட்டினாள்.

அப்படிப் பார்த்தால் இந்த விளையாட்டே பிள்ளைகளுக்காக வந்ததுதான். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பன் என்பவர் தன் மகள்மாருக்காக இரண்டு ஸ்கைகளைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த விளையாட்டுச் சாமான், ஸ்னர்ஃபர். அதில் சறுக்கி வளர்ந்தவர்களில் ஒருவரான ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977-இல் வெர்மொன்டில் பலகை செய்யத் தொடங்கினார். சாப்பர் அந்தக் கொம்பனியிலிருந்து வருவதுதான்.

எந்தக் கால் முன்னுக்கு என்பது அடுத்த கேள்வி. இடது கால் முன்னுக்கு என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. பின்னாலிருந்து தள்ளிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. வழுக்கும் தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள், பிள்ளை தானாக எந்தக் காலை முன்னே விடுகிறதோ அதுதான். இவள் கூஃபி. பைண்டிங்கை முன்கால் 12 பாகை, பின்கால் எதிர்த்திசையில் 12 பாகை என்று இரு பக்கமும் ஒரே மாதிரி விரித்துப் பூட்டினேன். பின்னொரு நாள் மறுகாலை முன்னே விட்டு ஓட, அதாவது ஸ்விட்ச் ஓட, இது உதவும்.

அப்புறம் மலை. நாங்கள் போவது மவுண்ட் செயின்ட் லூயிஸ் மூன்ஸ்டோன். நெடுஞ்சாலை 400-இல் பாரியைத் தாண்டி 131-ஆம் வெளிவாசலில் இறங்கினால் பக்கத்திலேயே. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெரிய மலை இல்லை. ஒன்ராறியோவில் பெரிய மலையே இல்லை. கனடாவின் மேற்கே, பெரிய மலைகள் இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் பார்க் பழகுகிறவருக்கு உயரம் எதற்கு? ஒரே பொக்ஸில், ஒரே ஜம்ப்பில், திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டும். சரிவு குட்டையாக, லிஃப்ட் வேகமாக இருந்தால் ஒரு காலை நேரத்திலேயே உடம்பு கற்றுக்கொள்ளும். பெரிய மலையில் பாதி நாள் நாற்காலியில் தொங்கிக்கொண்டே போய்விடும். மார்க் மக்மோரிஸைப் பாருங்கள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் ரெஜைனாக்காரர், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைச் சமவெளி. அவர்தான் 2014, 2018, 2022 என்று மூன்று குளிர்கால ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஸ்லோப்ஸ்டைலில், அதாவது தடைகளும் ஜம்ப்புகளும் வரிசையாக உள்ள பார்க் போட்டியில், வெண்கலம் எடுத்தவர். மினசோட்டாவின் ஹைலண்ட் ஹில்ஸும் ஐம்பது மீற்றர் சொச்சம் உயரமுள்ள மேடுதான். அங்கே பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து மேலே போய்ச் சறுக்கிவிட்டு உடனே திரும்ப மேலே போகிறார்கள். பார்க் ஓட்டத்தில் பெயர் எடுத்த பலர் அந்த மேட்டில் வளர்ந்தவர்கள்.

மூன்ஸ்டோனில் எனக்குப் பிடித்தது, பார்க்கை ஒரே இடத்தில் கொட்டாமல் சிறியது, பெரியது என்று பிரித்து வைத்திருப்பது. செம்மஞ்சள் நிற நீள்வட்டப் பலகை நட்டிருந்தால் அது பார்க் எல்லை. எங்கே போனாலும் பிள்ளைக்கு முதலில் அந்த அடையாளத்தைக் காட்டிக் கொடுங்கள். சிறிய பார்க்கில் பொக்ஸ் நிலத்தோடு கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும், பனியிலிருந்து நேராக அதன்மேல் ஏறலாம், தாவ வேண்டியதில்லை.

ஆனால் பார்க்குக்கு உடனே கூட்டிப்போகவில்லை. குதிக்கால் பக்கம் சறுக்கி இறங்குவது, விரல் பக்கம் சறுக்கி இறங்குவது, இலை விழுவது போல இடமும் வலமும் அலைந்து இறங்குவது, திருப்பங்களைக் கோர்ப்பது. இந்த வரிசையைத் தாண்டாமல் பொக்ஸில் ஏற்றக் கூடாது என்பது என் கட்டுப்பாடு. இந்தப் பகுதியை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள், நான் நீட்டப் போவதில்லை. இடையிடையே சமதரையில் விளையாட விட்டேன். சாப்பரின் மென்மை இங்கேதான் கைகொடுத்தது. முன்நுனியில் பாரத்தைப் போட்டுப் பின்பகுதியைத் தூக்குவது, பின்நுனியில் சாய்ந்து முன்பகுதியைத் தூக்குவது, அப்படியே சுழல்வது. பட்டரிங் என்பார்கள். விறைத்த பலகையில் ஒன்பது வயதுப் பிள்ளையால் இதைச் செய்யவே முடியாது, எடை போதாது. இதில் அவள் ஒரு பின்னேரத்திலேயே வளைத்துவிட்டாள். பலகை தன் சொல் கேட்கிறது என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிட்டால் பிறகு நாம் தள்ளத் தேவையில்லை. ஓலி எனும் துள்ளல், நின்ற இடத்தில் 180 பாகை அரைச்சுற்று, எல்லாம் அவளே கேட்டுக் கேட்டுப் பழகினாள்.

முதல் பொக்ஸ் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொக்ஸின் மேல்தளம் வழுவழுப்பான பிளாஸ்டிக். அதில் விளிம்பு கவ்வாது. பனியில் தடுமாறினால் விளிம்பை ஊன்றுவோம் அல்லவா, அதை இங்கே செய்தால் பலகை பக்கவாட்டில் உருவிக்கொண்டு போய்விடும். ஆகவே சொன்னது இவ்வளவுதான்: ஏறும் முன்னே நேராக்கு, முழங்காலை மடக்கு, பொக்ஸின் கடைசியைப் பார், ஒன்றும் செய்யாதே. நான் கீழே முடிவுக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தாள். பனியில் கரகரவென்று வந்த சத்தம் பொக்ஸில் ஏறியதும் சட்டென்று நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் பயந்துபோய்க் கீழே காலைப் பார்த்தாள், பார்த்த பக்கமே சரிந்து இறங்கிவிட்டாள். விழவில்லை. "மாமா, இன்னொருக்கா" என்றாள். திரும்ப வந்தாள். இந்த முறை ஹெல்மெட் நிமிர்ந்தே இருந்தது. கண் கடைசியில், கைகள் இரண்டும் பலகைக்கு நேர் மேலே, முழங்கால் மடங்கியபடி. தட்டையான அடிப்பாகம் ஆடாமல் அசையாமல் வந்தது, கடைசியில் ஒரு சின்னத் தட்டலோடு பனியில் இறங்கியது. நேராக ஏறி நேராக இறங்கும் இந்த ஃபிஃப்டி ஃபிஃப்டிதான் பொக்ஸிலும் ரெயில் எனும் கம்பியிலும் செய்யும் எல்லா வித்தைக்கும் அரிச்சுவடி. அன்றைக்கு லிஃப்ட் நிற்கும் வரைக்கும் வேறெதையும் அவள் தொடவில்லை.

தட்டையான பலகை பொக்ஸில் இவ்வளவு நிதானமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கேம்பர் பலகையில் பாரம் கொஞ்சம் விலகினாலும் வில் நிமிரப் பார்க்கும், விளிம்பு தேடும். சாப்பருக்கு அந்த அவசரம் இல்லை. அதன் பிறகு பலகையைக் குறுக்கே திருப்பிப் பொக்ஸில் சறுக்கும் போர்ட்ஸ்லைடும் அதே சீசனுக்குள் வந்துவிட்டது. பெரியவர்கள் பார்க் பலகையின் விளிம்பை, அது பனியைத் தொடும் முனைகளில், அரத்தால் மழுக்குவார்கள், ரெயிலில் மாட்டாமல் இருக்க. இதற்கு அந்த வேலையே தேவைப்படவில்லை.

இரண்டாவது சீசனில்தான் சாப்பரின் எல்லை தெரியத் தொடங்கியது. ஒன்ராறியோவின் பனி பெரும்பாலும் இயந்திரப் பனி. பகலில் இளகி இரவில் இறுகினால் காலையில் கண்ணாடி. அப்படிப்பட்ட காலைகளில் மேல்நோக்கிச் சாய்ந்த விளிம்பு கடிக்காது. வேகம் கூடும்போது நுனி அதிரும். ஜம்ப் பழகத் தொடங்கியதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சிறிய ஜம்ப்பில் நேராகப் பறந்து இறங்குவதற்கு இது தாராளம். அடுத்த அளவு ஜம்ப்பில், தரையிறங்கும்போது பாரம் கொஞ்சம் பின்னுக்குப் போனாலும் பின்நுனி குழைந்து கொடுத்துவிடுகிறது. இது பலகையின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். செய்தவர்கள் இதை முதல் பலகையாகத்தான் செய்தார்கள். மென்மைதான் முதல் வருடத்தில் அவளுக்குக் கற்றுத் தந்தது. அதே மென்மை இப்போது போதவில்லை.

எப்போது மாற்றுவது என்று கேட்டால் நான் பார்க்கும் அடையாளம் ஒன்றே. பிள்ளை ஸ்விட்சிலும் பயமில்லாமல் திருப்பங்களைக் கோர்க்கிறதா? அப்படியென்றால் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது கால்களுக்குத் தெரிந்துவிட்டது. இனிக் கவ்வும் விளிம்பைக் கொடுக்கலாம். இவள் சின்ன ஜம்ப்பில் நெஞ்சு கீழ்ச்சரிவைப் பார்க்கத் திரும்பும் அரைச்சுற்றான ஃப்ரண்ட்சைட் 180 சுற்றி, ஸ்விட்சில் இறங்கி, அப்படியே ஓடிப்போன பிறகுதான் கேம்பர் உள்ள, சற்று விறைப்பான பலகைக்கு மாற்றினேன். முதல் நாள் இரண்டு தரம் விளிம்பு மாட்டி விழுந்தாள். எழுந்து பனியைத் தட்டிவிட்டு, "இது கெட்டித்தனமான போர்ட், நான் கவனமா இருக்கோணும்" என்றாள். ஒன்பது வயதில் அதே விழுகை விழுந்திருந்தால் அவள் திரும்ப மலைக்கே வந்திருக்க மாட்டாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவளுடைய அறைச் சுவரில் லோரி புளுவாங் படம் ஒட்டியிருக்கிறது. கியூபெக்கின் ஸ்டோன்ஹாமிலிருந்து வந்தவர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பயிற்சியின்போது விழுந்து கண் வீங்கிய முகத்தோடு போட்டிக்கு இறங்கி, ஸ்லோப்ஸ்டைல் வெள்ளி எடுத்தவர். ஒரு நாள் அம்மம்மா அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "இவவுக்கும் தாய் தகப்பன் இருப்பினம்தானே" என்றார். அந்த வருடம் மூன்ஸ்டோனுக்கு அவரும் வந்தார். கீழே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தபடி இருந்தார்.

பராமரிப்பு பெரிய பாரமில்லை. மெழுகு மட்டும் தவற விடாதீர்கள். காய்ந்த அடிப்பாகம் உள்ள பலகை சமதரையில் நின்றுவிடும், பிள்ளைக்கோ தள்ளிப் போகிற அளவுக்குப் பலம் இருக்காது. ஜம்ப்புக்குத் தேவையான வேகமும் கிடைக்காது. வேகம் போதாமல் ஜம்ப்பின் மேட்டிலேயே விழுவது, சரியான வேகத்தில் போய் இறக்கத்தில் இறங்குவதைவிட முதுகுக்கும் முழங்காலுக்கும் கெடுதல். பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஆறிய பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டுவது மருமகளின் வேலை. நுனியிலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பில் சுருள் சுருளாக வரும்.

120 இப்போது அவளுடைய தம்பிக்காகக் காத்திருக்கிறது. அவனுக்கு ஏழு வயது, அது அவன் நெற்றிக்கு மேலே நிற்கிறது, ஆகவே இப்போதைக்குக் கொடுக்க முடியாது. இந்த வருடத்துக்கு அவனுக்கு 100 அல்லது 110 பழையது தேடுகிறேன். நீங்களும் தேடுகிறீர்கள் என்றால் ஸ்கை ஸ்வாப் கதவு திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். சிறிய அளவுகள்தான் முதலில் முடிந்துபோகும்.